‘நான் பாக்கிறன்’ என்ற நீதவான்

என் பெரியப்பாவை நீதவான் ஆக்கியது நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு தவற்றை எழுத உட்காரும்போது அதை யார் செய்தது என்பதை முதலில் சொல்லிவிட்டால் மிச்சத்தை நிம்மதியாக எழுதலாம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சட்டம் படித்து முடித்திருந்தேன், வேலை கிடைக்கவில்லை. வேலையில்லாத சட்டப் பட்டதாரிக்கு லண்டனில் மிக மலிவான பொழுதுபோக்கு நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்திருப்பது. உள்ளே போகக் காசு கேட்கமாட்டார்கள், ஹீட்டரும் ஒழுங்காக வேலை செய்யும். எங்கள் பக்கத்து நீதவான் நீதிமன்றத்தின் பின்வரிசையில் நாள் முழுக்க இருப்பேன். மேடையில் மூன்று பேர் இருப்பார்கள். ஒருத்தி பள்ளிக்கூட ஆசிரியை, ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, இன்னொருவர் பல் வைத்தியரின் வரவேற்பறையில் வேலை செய்பவர். சம்பளம் இல்லை. சட்டம் படித்திருக்கவும் தேவையில்லை. சட்டம் தெரிந்த ஆலோசகர் ஒருவர் அவர்களுக்கு முன்னால் கீழே உட்கார்ந்து, எது முடியும் எது முடியாது என்று சொல்லிக்கொடுப்பார். தெருவில் நடந்துபோகும் மூன்று பேர் உள்ளே வந்து, காது கொடுத்துக் கேட்டு, இன்னொரு மனிதனுக்குத் தீர்ப்புச் சொல்கிறார்கள். இவ்வளவு அழகான ஏற்பாட்டை மனிதர்கள் வேறெங்கும் கண்டுபிடித்ததில்லை என்று மயங்கிப்போனேன். வீட்டில் சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றித்தான் விரிவுரை. “எங்கடை ஆக்கள் ஒருத்தரும் மேலை இல்லை. எல்லாரும் கீழைதான் நிக்கினம்,” என்று முடிப்பேன்.

ஒருநாள் அந்த விரிவுரையை அப்பாவின் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். அப்டன் பார்க்கில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில், வீட்டுக் கடன் எடுத்துக்கொடுக்கும் அலுவலகம் வைத்திருந்தவர்.

“அதுக்கு என்ன படிக்க வேணும், பிள்ளை?”

“ஒண்டும் படிக்கத் தேவையில்லை, பெரியப்பா.”

“அப்ப எனக்கு ஏலும்,” என்றார்.

இருந்த இடத்திலேயே நான் அவருடைய விண்ணப்பத்தைத் திறந்தேன். அந்தப் படிவம் கேட்ட முதற்கேள்வி, இரண்டு பக்கத்தையும் கேட்டு நியாயமாக முடிவெடுத்த ஒரு சந்தர்ப்பத்தை விவரிக்கவும் என்பது. பெரியப்பா ஒரு தேத்தண்ணி முடியும்வரை யோசித்தார். “நான் எப்பவும் நியாயமாத்தானே நடக்கிறனான். உதாரணம் என்னத்துக்கு?” என்றார். கடைசியில் லண்டனில் எங்கள் ஊர்க்காரர் நடத்தும் ஊர்ச்சங்கத்தின் விளையாட்டு விழாவில் நடந்த கிரிக்கெட் தகராற்றை நான் எழுதினேன். அதைத் தீர்த்துவைத்தது என் அம்மா. தகராறு நடந்தபோது பெரியப்பா கொத்துரொட்டி வரிசையில் நின்றார். ஆளை மட்டும் மாற்றினேன். அம்மா அதை வாசித்துவிட்டு, “நல்லாத்தான் தீர்த்திருக்கிறார்,” என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டார்.

நேர்முகத்துக்கும் பழக்கினேன். ‘நான் முடிவெடுப்பேன்’ என்று சொல்லக்கூடாது, ‘நாங்கள் மூவரும் பேசி’ என்று சொல்ல வேண்டும். அவர் பாடமாக்கினார். அவருக்கு வாய்த்த பெரிய சொத்து அவருடைய முகம். அகன்ற நெற்றி, மெதுவாகத் திரும்பும் கழுத்து. பார்க்கிறவர்கள் அவர் ஆழ்ந்து யோசிக்கிறார் என்று நினைப்பார்கள். அவர் மடியில் வளர்ந்த பிள்ளை என்ற உரிமையில் சொல்கிறேன், உள்ளே நடப்பது பெரும்பாலும் சாப்பாட்டின் சமிபாடு.

அவரைத் தெரிவு செய்துவிட்டார்கள்.

நீதவானாக அவர் என்ன செய்தார் என்று பார்க்க ஆரம்பத்திலேயே போயிருந்தேன். நடுவில் இருப்பவர்தான் பேசுவார், ஓரத்தில் இருப்பவர்கள் தலையசைப்பார்கள். பெரியப்பா இடது ஓரம். காலை முழுவதும் அவர் சொன்னது ஒரே வசனம், அதுவும் யன்னலைச் சாத்தும்படி. அவர் தலையசைத்த தீர்ப்புகள் எல்லாமே சரியானவை என்பதை நியாயத்துக்காகச் சொல்லவேண்டும். மற்ற இருவரும் புத்திசாலிகள், ஆலோசகரும் கெட்டிக்காரி. அந்த நாற்காலி அவரிடம் அதிகம் எதிர்பார்க்கவில்லை. சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதில் அவருக்கு நல்ல அனுபவம் இருந்தது.

ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே அவருடைய உத்தியோகம் கொழுத்து வளர்ந்தது. கலியாண அழைப்பிதழ்களில் பெயருக்கு முன்னால் ‘நீதவான்’ வந்தது. பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு வீட்டில் ஒலிவாங்கி பிடித்தவர் ‘மாண்புமிகு நீதியரசர் அவர்கள்’ என்பார். பெரியப்பா மறுப்பதுபோலக் கையை உயர்த்துவார், அந்தக் கை கைதட்டல் முடிந்தபிறகுதான் மேலே போய்ச் சேரும். எங்கள் ஊரவர் ஒருவர் லண்டனில் மீன்கடை வைத்திருந்தார், வாய் சும்மா இராது. “என்ன ஐயா, இந்தக் கிழமை எத்தினை பேரைத் தூக்கிலை போட்டனீங்கள்?” என்று கேட்பார்.

“அதுகளை வெளியிலை கதைக்கக் கூடாது,” என்பார் பெரியப்பா, முகத்தை இறுக்கி.

அந்தக் கிழமை அவர்கள் தண்டித்தது தொலைக்காட்சி பார்ப்பதற்கான லைசென்ஸ் எடுக்காத ஒரு கிழவியை. எனக்குத் தெரியும், நான் பின்வரிசையில் இருந்தேன்.

பிறகு கடிதங்கள் வரத்தொடங்கின. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஆட்கள் அகதிகளாக வந்த காலத்தில், அரசாங்கக் கடிதம் வந்தால் அதை ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டு, ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் கையில் கொடுப்பார்கள். அவர் வாசிப்பார், பதில் எழுதுவார், அலுவல் முடியும். அன்றைக்கு அதற்குக் காரணம் இருந்தது. இன்று அதே ஆட்கள் ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கிறார்கள், வீடு வாங்குகிறார்கள், பிள்ளைகளின் ஆசிரியர்களைத் திருத்துகிறார்கள். பழக்கம் மட்டும் போகவில்லை. கடிதத்தைப் பெரிய மனிதர் ஒருவரின் கையில் கொடுத்துவிட்டால் அது பிறகு அவருடைய கடிதம். கொடுத்தவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாக நித்திரை கொள்வார்.

நீதவான் ஒருவரிடம் கொண்டுவரக்கூடாத ஒரே கடிதம் நீதிமன்றக் கடிதம். “இதை நான் தொடக்கூடாது, வழக்கறிஞரிட்டைப் போங்கோ” என்று ஒரு வசனம் சொன்னால் போதும். முதல்நாள் பயிற்சியிலேயே அதைச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் அப்படிச் சொன்னால், கொண்டுவந்தவரின் கண்ணில் பெரியப்பா ஒரு அங்குலம் குறைந்துபோவார். ஆகவே பையை வாங்குவார், “சரி, நான் பாக்கிறன்,” என்பார், அலுவலகத்தில் ஒரு மண்ணிறப் பெட்டிக் கோப்புக்குள் போடுவார். அதற்குமேல் எதுவும் செய்யமாட்டார். எதையாவது செய்தால் குற்றம், அவர் குற்றவாளி அல்ல. செய்யமாட்டேன் என்று சொன்னால் மரியாதை போய்விடும், அதையும் விட அவர் தயாரில்லை. இரண்டுக்கும் நடுவில் அகலமாக ஒரு பாதை கிடந்தது, அதில் தொப்பையோடு தாராளமாக நடந்தார்.

வேடிக்கை என்னவென்றால் ஒருவரும் குறை சொல்லவில்லை. வாகனம் நிறுத்திய தண்டம் இரண்டு மடங்காகி வந்தால், “ஐயா கதைச்சபடியால் இவ்வளவோடை விட்டிட்டாங்கள்,” என்று கட்டிவிட்டுப் போனார்கள்.

இரண்டு வருடத்தில் பெரியப்பாவுக்கு மேடையின் ஓரம் போதவில்லை. ஊர்ச்சங்கத் தலைவர் பதவிக்கு நின்றார். எதிரே நின்றவர் ஓய்வுபெற்ற கணக்காளர், சங்கத்தின் சாப்பாட்டுப் பாத்திரங்கள் எத்தனை என்று எண்ணிவைத்திருக்கும் மனிதர். நல்ல மனிதர், ஆனால் தேர்தலில் வெல்லக்கூடியவர் அல்ல. துண்டுப்பிரசுரம் எழுதச் சொல்லி மறுபடி என்னிடம் வந்தார்கள். நானும் எழுதினேன். அப்போது கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்திருந்தேன், ஆனாலும் வீட்டில் ஏதாவது எழுதவேண்டும் என்றால் கை தானாக நீளும்.

அச்சாகி வந்த பிரசுரத்தைப் பார்த்தேன். பெரியப்பாவின் தலையில் வெள்ளைச் சுருள்முடித் தொப்பி, தோளில் கறுப்பு அங்கி. படக்கடைக்காரர் கணினியில் ஒட்டியிருந்தார். ஒரு காது தொப்பிக்கு வெளியே வந்து நின்றது.

“பெரியப்பா, நீதவான்மார் உது போடுறேல்லை. நீங்கள் சாதாரண கோட்டுத்தானே போடுறனீங்கள்.”

“சனத்துக்கு விளங்க வேணுமே, பிள்ளை.”

கீழே ‘பிரித்தானிய மக்களால் தெரிவு செய்யப்பட்ட நீதவான்’ என்று இருந்தது. நான் ‘நியமிக்கப்பட்ட’ என்று எழுதிக்கொடுத்த இடம். இந்த நாட்டில் நீதவானுக்கு யாரும் வாக்குப் போடுவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு மீன்கடையில் “எத்தினை வோட்டிலை வெண்டவர்?” என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் யோசிக்காமல் ஒரு தொகை சொன்னார்.

பதவியின் பெயரை இப்படிப் பயன்படுத்தக்கூடாது என்று விதி இருக்கிறது என்றேன்.

“அது வியாபாரத்துக்கு. இது பொதுச்சேவை,” என்றார்.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய வெள்ளி, அங்கத்தவர் பட்டியலை எடுக்க நான் அவர் அலுவலகத்துக்குப் போனேன். பட்டியலைத் தேடி அந்த மண்ணிறப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு பிளாஸ்ரிக் பைகள். மேலே கிடந்த பையில் நீதிமன்றத்தின் இரண்டு கடிதங்கள், ஒன்று பிரித்தது, மற்றது ஒட்டியபடியே. நான் பிரித்து வாசித்தேன்.

அது குட்மேய்ஸில் இருக்கும் ஒரு அண்ணையுடையது. தமிழ்க் கடைகளுக்கு வான் வண்டியில் மரக்கறி விநியோகிக்கிறவர். எல்லாருக்கும் அவரைத் தெரியும், எல்லாரும் ஒரு செல்லப்பெயரால்தான் அவரைக் கூப்பிடுவார்கள். அவருக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகள். ஓட்டிசம் உள்ள பிள்ளை. பஸ்ஸின் கதவு மூடும் சத்தம் அவளுக்கு ஏலாது. கவுன்சில் அனுப்பிய வண்டியில் ஒரு கிழமை விட்டுப் பார்த்தார்கள், மூன்றாம் நாளே கையைக் கடித்துப் புண்ணாக்கிவிட்டாள். காலையில் கொண்டுபோய் விடுவதும் பின்னேரம் கூட்டிவருவதும் அண்ணைதான். தாய்க்குக் கார் ஓடத் தெரியாது.

அவருடைய லைசென்ஸில் ஏற்கெனவே ஒன்பது தண்டப் புள்ளி, எல்லாம் இருபது மைல் வேக எல்லையுள்ள தெருக்களில் வேகமாக ஓடியதைக் கமரா பிடித்தது. இப்போது நாலாவது தடவையும் பிடித்துவிட்டது. பன்னிரண்டு சேர்ந்தால் ஆறு மாதத்துக்கு ஓடமுடியாது. முதற்கடிதம் குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா என்று கேட்டது. அதற்குப் பதில் போகவில்லை, ஆகவே அவர் இல்லாமலே குற்றவாளி என்று முடித்துவிட்டார்கள். இரண்டாவது கடிதம் கடைசிச் சந்தர்ப்பம். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்து, லைசென்ஸைப் பறித்தால் வழக்கத்துக்கு மீறிய கஷ்டம் யாருக்கு வரும் என்று சொல்லலாம். சான்றுகள் இருந்தால் கொண்டுவரலாம். அந்தப் பிள்ளையைவிட நல்ல காரணம் நான் எந்த வழக்கிலும் கேட்டதில்லை. அந்தக் காரணம் ஒட்டிய கடித உறைக்குள், பெட்டிக்குள், பெரியப்பாவின் அலுமாரிக்குள் இருந்தது.

பெரியப்பா மேசையில் முறுக்கு உடைத்துக்கொண்டிருந்தார்.

“இதை ஏன் வாங்கினீங்கள்?”

“அவன் மாம்பழப் பெட்டியோடை வந்து தந்தவன். வேண்டாம் எண்டு சொல்ல ஏலுமே?”

“செவ்வாய்க்கிழமை வழக்கு. இப்ப கூப்பிட்டுச் சொல்லுங்கோ, உங்களாலை ஒண்டும் செய்ய ஏலாது எண்டு.”

“ஞாயிற்றுக்கிழமை முடியட்டும்.”

“ஏன்?”

அவர் இன்னொரு முறுக்கை உடைத்தார். காரணத்தைச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்த அண்ணைக்குத் தம்பிமார், மச்சான்மார், அவர்களின் குடும்பங்கள் என்று சங்கத்தில் ஒரு பெரிய வரிசையே இருந்தது.

“பிள்ளை, நான் சட்டத்துக்கு மாறா ஒண்டும் செய்யேல்லை,” என்றார். “ஒருத்தரிட்டையும் கதைக்கேல்லை. ஒரு போன் எடுக்கேல்லை. என்ரை நேர்மையிலை நீ பிழை பிடிக்க ஏலாது.”

அதுதான் கொடுமை. பிடிக்க ஏலவில்லை.

படிகளில் நின்றபடியே அண்ணைக்கு நான் போன் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“தங்கச்சி, அதை ஐயாவிட்டைக் குடுத்திட்டன்.”

“அவர் பாக்க ஏலாது அண்ணை. பாத்தால் அவரைத்தான் பிடிப்பினம்.”

“நீங்கள் படிச்ச பிள்ளை, சட்டத்தைச் சொல்லுறியள். அவர் வேற. கடிதம் குடுக்கேக்கை கேட்டனான், இந்தச் செவ்வாய்க்கிழமை அவர் அங்கைதான் இருப்பாராம். பிறகென்ன?”

அதுவும் உண்மைதான். செவ்வாய்க்கிழமை பெரியப்பாவின் முறை. நாட்காட்டியைப் பார்த்து அதை அவருக்குச் சொல்லியிருக்கிறார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொல்லாமல் ஒரு மனிதனை முழுதாக ஏமாற்றலாம் என்பதை நான் சட்டக் கல்லூரியில் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பார்க்கிங் பகுதியில் எடுத்திருந்த மண்டபம் நிறைந்திருந்தது. அந்த அண்ணை தன் கார் நிறைய வயதானவர்களை ஏற்றி, நாலு தடவை போய்வந்து இறக்கினார். ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து வாசல் வரை கூட்டிவந்தார். கணக்காளர் பேசினார், பாத்திரங்களைப் பற்றி. பெரியப்பா பேசினார், நீதியைப் பற்றி. நான் எழுதிக்கொடுத்த பேச்சு, நன்றாகவே இருந்தது. வெற்றி சுலபமாக வந்தது. மாலை போட்டவர்களில் அண்ணையும் ஒருவர்.

நான் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் பெரியப்பாவைப் பிடித்தேன். “இப்ப சொல்லுங்கோ.” அவர் மாலையோடு போய் அண்ணையின் தோளில் தட்டினார். “செவ்வாய்க்கிழமை நேரத்துக்கு வாரும்,” என்றார். அவ்வளவுதான். திரும்பி வந்து, சொல்லிவிட்டேன் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

அண்ணையின் மனைவி மட்டும் திங்கட்கிழமை எனக்குப் போன் எடுத்தார். “எனக்கு உந்த ஐயாவிலை பெரிசா நம்பிக்கை இல்லை. ஆனா இவருக்குச் சொல்லி விளங்காது. பள்ளிக்கூடத்திலை ஒரு கடிதம் கேக்கட்டே?” கேளுங்கோ அக்கா என்றேன். ஒரு நாளில் கிடைக்கவில்லை.

செவ்வாய் காலை நான் லீவு போட்டுவிட்டு வழக்கமான பின்வரிசையில் உட்கார்ந்தேன். அண்ணை கலியாணக் கோட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தார். கையில் ஒரு கடதாசியும் இல்லை. மூன்று நீதவான்கள் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு வெள்ளைக்காரப் பெண், வலப்பக்கம் ஒரு வாலிபர், இடப்பக்கம் பெரியப்பா. எங்களோடு எழுந்து நின்ற அண்ணை திரும்ப உட்காரும்போது பெரியப்பாவைப் பார்த்து லேசாகக் கைகூப்பினார். பெரியப்பா தலையை உயர்த்தவில்லை.

அன்றைய வழக்குப் பட்டியல் அவருக்குக் காலையிலேயே கொடுக்கப்பட்டிருந்தது. தெரிந்தவர் யாரும் இருந்தால் முன்கூட்டியே சொல்லவேண்டும். அவர் பட்டியலில் அந்தச் செல்லப்பெயரைத் தேடியிருக்கிறார். பட்டியலில் இருந்ததோ கடவுச்சீட்டுப் பெயர், தகப்பன் பெயரும் சேர்ந்து ஒரு முழ நீளம். வழக்கு வேறு அறைக்குப் போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தாராம். அந்த முழுப்பெயர் இரண்டு மாதமாக அவருடைய அலுமாரிக்குள் இருந்த உறைகளின்மேல் அச்சடித்திருந்தது. ஒருமுறை, ஒரே ஒருமுறை அந்தப் பையைத் திறந்திருந்தால் போதும்.

பெயரைக் கூப்பிட்டார்கள். அண்ணை எழுந்து நடுவே போய் நின்றார். பெரியப்பாவின் முகம் அப்போதுதான் முதன்முறையாக உண்மையிலேயே யோசித்தது. நடுவில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார், அவர் ஆலோசகரிடம் சொன்னார். பிறகு அந்த அம்மையார், தன்னுடைய சகா இந்த நபரை அறிந்தவர் என்பதால் இந்த வழக்கில் பங்கெடுக்கமாட்டார் என்று அறிவித்தார். பெரியப்பா எழுந்து, பின்கதவைத் திறந்து, வெளியே போனார். விதிப்படி மிகச் சரி. அவர் அந்த மேடையில் செய்த ஆக உருப்படியான காரியமும் அதுதான்.

அண்ணை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

லைசென்ஸை ஏன் பறிக்கக்கூடாது என்று நீர் சொல்ல விரும்புவது ஏதாவது இருக்கிறதா என்று அம்மையார் கேட்டார். குரலில் அன்பு இருந்தது. அண்ணையின் ஆங்கிலம் மோசமில்லை. அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன். நான் சொல்ல ஒன்றுமில்லை அம்மா, எல்லாம் அந்த ஐயாவிடம் கொடுத்திருக்கிறேன். இப்போது வெளியே போனாரே, அவரிடம். அவருக்கு என் மகளைத் தெரியும். அவர்தான் எங்கள் தலைவர், ஞாயிற்றுக்கிழமைதான் வென்றார், அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

சொல்லிவிட்டு, தன் கூற்றுக்கு ஆதாரமாகக் கோட்டுப் பையிலிருந்து அந்தத் துண்டுப்பிரசுரத்தை எடுத்து நீட்டினார்.

ஆலோசகர் அதை வாங்கினார். தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் படம் தெரியும். சுருள்முடித் தொப்பி, அங்கி, வெளியே நிற்கும் ஒரு காது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு அதை மேலே கொடுத்தார். அம்மையார் நெடுநேரம் பார்த்தார்.

“அவரிடம் என்ன கொடுத்தீர்?”

“நீங்கள் எனக்கு அனுப்பிய கடிதங்கள். இரண்டையும்.”

அண்ணை ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. சிபாரிசு காட்டினார். இந்த மண்டபத்தில் தனக்கு ஒரு பெரிய மனிதரைத் தெரியும் என்று, சொல்லக்கூடாத ஒரே இடத்தில், பெருமையோடு சொன்னார். நான் பின்வரிசையில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சிரிப்பும் வந்தது.

இருவரும் உள்ளே போய்த் திரும்பி வந்தார்கள். இந்த வழக்கைத் தாங்கள் முடிக்கப் போவதில்லை, மூன்று கிழமை கழித்து வேறு நீதவான்கள் கேட்பார்கள், அதுவரை லைசென்ஸ் இருக்கும், தயவுசெய்து வழக்கறிஞர் ஒருவரைப் பாரும் என்றார்கள். பிரசுரத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

விசாரணை முடியும்வரை மேடைக்கு வரவேண்டாம் என்று பெரியப்பாவுக்குக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை மட்டும் அவர் உடனே பிரித்து வாசித்தார். என்னை வரச்சொன்னார்.

“நீதானே அவனுக்குச் சொல்லிக் குடுத்தனீ?”

“நான் சொல்லிக் குடுத்திருந்தால் அவர் மகளைப் பற்றி எல்லே கதைச்சிருப்பார்.”

விசாரணைக்கு அவர் நிற்கவில்லை, விலகல் கடிதம் கொடுத்தார். சங்கத்தின் போன் குழுச் செய்தியில், ஊர்ப்பணி கூடிவிட்டதால் நீதவான் பதவியைத் துறக்கிறேன் என்று அறிவித்தார். கும்பிடும் கைப் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஊருக்காகப் பதவியை விட்டவர் என்று மீன்கடையில் பேசினார்கள். மீன்கடைக்காரர்கூடக் கிண்டல் பண்ணவில்லை, எனக்கு அவர்மேலும் மதிப்புக் குறைந்தது.

எங்கள் அலுவலக வழக்கறிஞர் அண்ணையின் வழக்கை எடுத்தார். பள்ளிக்கூடக் கடிதம் வந்தது, வைத்தியர் கடிதம் வந்தது, கவுன்சில் வண்டியில் நடந்ததைப் பற்றிய குறிப்பும் வந்தது. நான் குட்மேய்ஸில் அவர்கள் வீட்டுக் குசினியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினேன். மூன்று கிழமையும் அண்ணை என்னோடு மரியாதையாக ஒத்துழைத்தார், குழந்தையின் விளையாட்டுக்கு இடம் கொடுக்கும் பெரியவர்போல.

இரண்டாம் முறை அவர் நன்றாகப் பேசினார். வழக்கறிஞர் கேட்க, பஸ் கதவு மூடும்போது மகள் என்ன செய்வாள் என்று காட்டினார். இரண்டு காதையும் பொத்திக் குனிந்த அந்தப் பெரிய மனிதரை மூன்று நீதவான்களும் பார்த்தார்கள். புள்ளிகளைப் போட்டார்கள், லைசென்ஸைப் பறிக்கவில்லை. மூன்று வருடத்துக்குள் மறுபடி பிடிபட்டால் இதே காரணத்தைச் சொல்ல முடியாது என்று எச்சரித்தார்கள். தெருவில் போகும் மூன்று பேர் உள்ளே வந்து காது கொடுத்துக் கேட்டதை அன்றும் பார்த்தேன். அந்த ஏற்பாட்டின்மேல் எனக்கு இன்னும் கோபம் வரவில்லை.

மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போகும் நேரம். என்னை வழியில் இறக்கிவிடுவதாகச் சொல்லி அண்ணை காரில் ஏற்றினார். கார் நகர்ந்ததும் ஒலிபெருக்கியில் போன் அடித்தார். பெரியப்பா எடுத்தார்.

“ஐயா, லைசென்ஸ் தப்பீட்டுது. நீங்கள் சொன்னபடியே பாத்திட்டியள்.”

விலகல் கடிதம் கொடுத்து மூன்று நாள். இனி அந்தப் பக்கத்தில் அவருக்கு இழக்க ஒன்றுமில்லை, ஒரு உண்மையான வசனம் சொல்லலாம். நான் அதை எதிர்பார்த்தேன்.

“சந்தோசம்,” என்றார் பெரியப்பா. “மற்ற ஆக்களுக்கும் சொல்லும்.”

அண்ணை போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“அண்ணை, அவர் ஒண்டும் செய்யேல்லை,” என்றேன். “உண்மையாவே ஒண்டும் செய்யேல்லை.”

“பெரிய ஆக்கள் செய்ததைச் சொல்லிக்கொண்டு திரியமாட்டினம், தங்கச்சி.”

காரின் வேகமுள் இருபத்தாறில் நின்றது. “அண்ணை, இருபது,” என்றேன். அவர் காலை எடுத்தார். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான், நாங்கள் அப்படியே ஊர்ந்து போனோம். என்னை இறக்க வேண்டிய தெரு தாண்டிப் போய்விட்டது. பள்ளிக்கூட வாசலில் மகள் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். காரைக் கண்டதும் நேரே முன்கதவுக்கு வந்தாள், திறந்தாள், என்னைப் பார்த்தபடி நின்றாள். அது அவளுடைய இருக்கை. நான் இறங்கிப் பின்னால் போய் ஏறினேன்.